சிங்காரம் டீயைக் கீழே வைத்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சிட்லபாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் மாடி ஹால். எங்கள் எல்லோர் கையிலும் டீ. யாரும் குடிக்கவில்லை.

துக்க வீடு என்று நினைத்துவிடாதீர்கள். காமிக்ஸ் வாசகர் கூட்டம். தலை நரைத்தவர்கள், நரைக்கத் தலையில் ஒன்றுமே இல்லாதவர்கள் (அடியேன்) என்று கலந்து கட்டிய கும்பல்.

டீயை ஏன் குடிக்கவில்லை? அதற்குச் சிக்னல் சிங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிங்காரம் ஒரு ரயில்வே கார்டு. கையில் பச்சைக் கொடி, வாயில் விசில், மூக்குக்குக் கீழே தேள் கொடுக்கு மாதிரி ஒரு மீசை. தாம்பரம் மின்சார ரயிலில் ஏறுகிற அத்தனை கேடிகளையும் பிடித்துக் கொடுப்பான். எழுதி, வரைந்தவர் ஓவியர் கொற்றன். அவர் காலமாகி ரொம்ப வருடம் ஆகிறது. அத்தோடு சிங்காரமும் நின்றுவிட்டான்.

அவனுடைய எல்லாக் கதையிலும் ஒரு பக்கம் உண்டு. வில்லன் வைரத்தோடு ஓடிக்கொண்டிருப்பான். நம் ஆள் பிளாட்பாரக் கடையில் நின்று, "அண்ணே, ஒரு டீ" என்பான். நிதானமாகக் குடிப்பான். மீசையைத் துடைப்பான். அப்புறம்தான் துரத்தல்!

எங்கள் கூட்டத்தில் கதையைத் திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து படிப்போம். டீ முதலிலேயே வந்துவிடும். ஆனால் சிங்காரம் குடிக்கும்போதுதான் நாங்களும் குடிப்போம். அவசரப்பட்டு முன்னாலேயே உறிஞ்சியவர் அடுத்த கூட்டத்துக்கு வடை வாங்கி வர வேண்டும்.

பைத்தியங்கள் என்கிறீர்களா? என் மனைவி உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு கொஞ்சம் வேறு மாதிரி. திரையில் ஓடியது பழைய கதை இல்லை. புது ஆள் எழுதி, வரைந்த புத்தம் புது சிங்காரம்.

இங்கேதான் எனக்குத் தர்மசங்கடம். போன மாதம் இதே பக்கத்தில் நான் முழங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'கொற்றனோடு சிங்காரமும் ரிட்டயர் ஆகட்டும்... அந்த மீசையை வேறு யாரும் தொடக் கூடாது' என்று. நிறைய பேர் பாராட்டியும் எழுதியிருந்தீர்கள். அந்த இதழ் வந்த காலை, டைனிங் டேபிளில் அதைப் படித்து முடித்த என் மருமகள் ஜெனி, இட்லியை மென்றுகொண்டே சொன்னாள்:

"சூப்பரா எழுதியிருக்கீங்க மாமா. ஒரே ஒரு விஷயம்... நான் ஒரு சிங்காரம் கதை பண்ணி பதிப்பகத்துல குடுத்திருக்கேன்."

எனக்குப் புரையேறியது. மனைவி தலையில் தட்டினாள். தேவைக்கு மேலேயே தட்டினாள்.

ஜெனிக்கு சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. செல்போன் ஆப்களில் நீங்களும் நானும் அழுத்துகிறோமே பட்டன்கள், அதையெல்லாம் வரைகிறவள். கல்யாணமாகி மேடவாக்கம் வந்தபோது வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். காமிக்ஸ் பீரோ சாவியைக் கொடுக்கவில்லை. அதை என் மனைவி கொடுத்துவிட்டாள். ஒரு நாள் வந்து பார்க்கிறேன் — நான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுகிற புத்தகத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மிக்ஸர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்கு என் நெஞ்சு நின்றுபோகாதது குன்றத்தூர் முருகன் புண்ணியம்.

அப்படிப் படித்தவள்தான் கதை பண்ணியிருக்கிறாள். வருடம் முழுக்க சனிக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்திருக்கிறாள். 'வீட்லயும் ஆபீஸ் வேலையா, பாவம்' என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"குடும்மா, பாக்கறேன்" என்றேன்.

"நோ சான்ஸ். கூட்டத்துல பாருங்க. நான் உங்க மருமகள்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா, மூஞ்சியை நார்மலா வெச்சுக்கங்க மாமா. அங்க எல்லாம் மூஞ்சியிலதான் இருக்கு."

அவள் சொன்னது நிஜம். கொற்றனின் மனைவி லலிதா அம்மா பம்மலில் இருக்கிறார். சிங்காரம் இப்போது அவர் சொத்து. அவர் சரி என்றால்தான் புதுக் கதை புத்தகமாகும். இல்லையென்றால் ஜெனியின் ஒரு வருடம் அவள் லேப்டாப்பிலேயே கிடக்கும். தீர்ப்புச் சொல்ல அவர் வைத்திருக்கிற முறை விசித்திரமானது. கதையைப் படிக்க மாட்டார். திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு, படிக்கிற எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வரைந்தது யார் என்று கடைசி வரை சொல்லக் கூடாது. பெயர் தெரிந்தால் முகம் பொய் பேசுமாம்.

"அவரும் இப்படித்தான்" என்பார். "புக்கு வர்ற அன்னிக்கு பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ரயில்ல போய்ட்டு போய்ட்டு வருவார். படிக்கிறவங்க மூஞ்சியப் பார்த்துட்டு வந்துதான் அடுத்த கதையே ஆரம்பிப்பார்."

முன்பு ஒருவர் முயற்சி செய்தார். சிங்காரத்துக்கு ட்ரோன் வாங்கிக் கொடுத்திருந்தார். வயிற்றில் சிக்ஸ் பேக் வேறு. கதை முடிந்ததும் லலிதா அம்மா எழுந்து, "பாதிப் பேர் போனைப் பார்த்தீங்க. மீதிப் பேர் வடையைப் பார்த்தீங்க. வேணாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

ஆக, என் முகம் இப்போது ஜெனியின் எதிரி. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று நார்மல் முகம் பழகினேன்.

"பல்லு வலியா?" என்றாள் மனைவி.

கூட்டத்தில் லேப்டாப்பில் பக்கம் தள்ளுகிற வேலையை ஜெனியே எடுத்துக்கொண்டாள். பதிப்பகத்து ஊழியர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் பாஸ்கர். பெருங்களத்தூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற என் பால்ய நண்பன். சிங்காரம் விஷயத்தில் என்னைவிட மோசம்.

"யாரோ புச்சா கை வெச்சிகீறான்" என்றான் காதில். "மச்சான், நீ எழுதுனதுதான் கரெக்ட்டு. பாரு, இன்னிக்கு கீசித் தொங்க வுட்டுடறேன்."

"ம்" என்றேன். நார்மலாக.

கதை ஓடியது. மீசை சரியாக இருந்தது. விசில் சரியாக இருந்தது. பல்லாவரம் மலை பின்னால் சரியான இடத்தில் நின்றது. ஹாலில் யாரும் போனை எடுக்கவில்லை. பாஸ்கர் கீசவில்லை, வாயைப் பிளந்துகொண்டிருந்தான். எனக்குள் ஏதோ ஊதிக்கொண்டே போனது. முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது அந்தப் பக்கம். வில்லன் ஓடுகிறான். "அண்ணே, ஒரு டீ." நாங்கள் எல்லோரும் டம்ளரைத் தூக்கினோம். சிங்காரம் கிளாஸை உதட்டருகே கொண்டு போகிறான். நாங்களும் கொண்டு போனோம். ஜெனி அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.

சிங்காரம் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

குடிக்கவே இல்லை!

"இன்னாம்மா இது?" — பாஸ்கர் எழுந்துவிட்டான். "டீ குடிக்காம எப்டிம்மா புடிப்பான்? யாரு வரைஞ்சது? அந்தாளை வரச் சொல்லு!"

அவனுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "தப்பு! சிங்காரம் செத்தாலும் டீயைக் கீழ வைக்க மாட்டான்! எடுங்க அந்தப் பக்கத்தை!"

யார் இந்த அதிகப்பிரசங்கி என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியது நான்தான். சொந்த மருமகளின் கதையை, அவள் யாருடைய தீர்ப்புக்காகக் காத்திருக்கிறாளோ அந்த அம்மாவின் கண் முன்னாலேயே... நார்மல் முகமாம், நார்மல் முகம்!

ஜெனி என்னைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பின்னால் போனாள். டீ கிளாஸைப் பெரிதாக்கித் திரையில் நிறுத்தினாள். அவ்வளவுதான்.

கிளாஸுக்குள் டீ நடுங்கிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வட்டமாக அலை. பின்னால் சுவரில் ஸ்டேஷன் கடிகாரம். அந்த நேரத்துக்கு எந்த வண்டியும் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே சிங்காரம் சொல்லியிருந்தான். அப்படியென்றால் டீயை நடுங்க வைத்தது எது? யாரோ ரயில்வே யார்டிலிருந்து ஒரு வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்! வில்லன் அதில்தான் தப்பிக்கப் போகிறான்!



இத்தனை வருடம் நாங்கள் அந்தப் பக்கம் வந்ததும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பெண் மிக்ஸர் சாப்பிட்டுக்கொண்டே டீயைப் பார்த்திருக்கிறாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பாஸ்கர் வைக்கவில்லை.

"சரிம்மா, வண்டி வருது. ஒத்துக்கறேன். ஒரு மடக்கு குடிச்சிட்டு ஓடக் கூடாதா? டீ இன்னா கொதிச்சிகினா கீது?"

"ஓடற நேரத்துல டீயா?" என்றார் பின்வரிசைக்காரர். "கொற்றன் இருந்திருந்தா குடிக்க வெச்சிருப்பார்!" என்றார் ஒருவர். "கொற்றன் இருந்திருந்தா இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்!" — இது யார்? அதுவும் நான்தான். இரண்டு நிமிடத்துக்குள் கட்சி மாறியிருந்தேன். ஹால் இரண்டாகப் பிரிந்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். யாருடைய டீயோ என் சட்டையில் கொட்டியது.

லலிதா அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"போதும். லைட்டைப் போடுங்க" என்றார். "அவர் இருந்தப்போ இப்படித்தான் வாசல்ல வந்து சண்டை போடுவீங்க. ஏன் சார் தொப்பியை மாத்தினீங்க, ஏன் சார் அவனை அழ விட்டீங்கன்னு. அவர் போனதுக்கப்புறம் வர்றீங்க, படத்துக்கு மாலை போடறீங்க, போறீங்க. சிங்காரத்துக்காக யாரும் கத்தினதே இல்ல. இன்னிக்குத்தான் கத்தறீங்க." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புக்கு வரட்டும். யாரும்மா வரைஞ்சது?"

ஜெனி லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். "நான்தாம்மா." பிறகு என்னைக் காட்டி, "ரொம்ப சத்தமா கத்தினது எங்க மாமா."

பாஸ்கர் என்னைப் பார்த்தான். ஜெனியைப் பார்த்தான். மறுபடி என்னை. "உன் மருமகளாடா? சொல்லவேயில்ல! அடப் பேஜாரு புடிச்சவனே, நீயே உன் வூட்டுப் பொண்ணைக் கீசிட்டியேடா!"

ஆமாம், என் மருமகள். அன்று மாலைக்குள் எங்கள் லிஃப்டில் ஏறியவர்கள், இறங்கியவர்கள், தண்ணி லாரி டிரைவர் உட்பட எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. டிரைவர் ஹோஸை மாட்டிக்கொண்டே, "சந்தோசம் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

சரி, பழைய தொடர்களைப் புது ஆட்கள் தொடரலாமா? எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ட்ரோன்காரர் இன்னும் நலமாகத்தான் இருக்கிறார். ஆனால் நான் இத்தனை நாள் காவல் காத்தது யாரை? கொற்றனையா? அவருக்கு என் காவல் எதற்கு? ஸ்டேஷன் பெஞ்சில் கால் எட்டாமல் உட்கார்ந்து சிங்காரம் படித்த ஒரு ஒல்லிப் பையனைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அவனை யாரும் தொடவில்லை. அவன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். இன்னொரு கதை வந்தால் அவனுக்குக் கசக்குமா என்ன?

ஒரே ஒரு பிரச்சினை. நாங்கள் போட்ட சண்டையில் கதையின் கடைசிப் பக்கங்களை யாருமே பார்க்கவில்லை. "மிச்சத்தைப் புக்குல படிச்சுக்கங்க" என்று லலிதா அம்மா சொல்லிவிட்டார். வில்லன் மாட்டினானா? வண்டி நின்றதா? சிங்காரம் திரும்பி வந்தானா?

ராத்திரி சப்பாத்தி போடும்போது கேட்டேன். குருமா ஊற்றும்போது கேட்டேன். தட்டு கழுவும்போதும் கேட்டேன்.

சொல்ல மாட்டேன் என்கிறாள். கொற்றன்கூட இவ்வளவு அழுத்தக்காரராக இருந்திருக்க மாட்டார்!