எல்லைக் கல்லில் முட்டிய தலை

மகளின் பள்ளிச் சுற்றுலாத் தாளில் கையெழுத்துப் போட எனக்கு இரண்டு நாளாவது வேண்டும். ஸ்காபரோவிலிருந்து பக்கத்து ஒஷாவாவுக்குத்தான் போகிறார்கள். அதற்கே பஸ் பிரளுமா, பிள்ளை தொலையுமா என்று நித்திரை கெடும். எதற்கும் சட்டென்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால் பயம். அப்பா அப்படித் தலையாட்டித்தான் என்னைத் தலைகீழாகத் தூக்கினார்கள்.

கனடாவுக்கு வருமுன் இங்கிலாந்தில் ஒரு குட்டி ஊரில் இருந்தோம். ஒரு தேவாலயம், ஒரு கடை, மிச்சமெல்லாம் செம்மறி ஆடுகள். அகதி வழக்கு முடியும்வரை தேவாலயக்காரர் ஒரு வீடு தந்திருந்தார்கள். எங்களை நாட்டில் இருக்க விடும்படி ஊரார் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்றும் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் பழைய வழக்கம் ஒன்று. வருடத்தில் ஒரு நாள் எல்லாரும் ஊரெல்லையைச் சுற்றி நடப்பார்கள். எல்லைக் கற்களைத் தடியால் தட்டுவார்கள். கடைசிக் கல்லில் ஒரு பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலையை மெல்ல முட்டுவார்கள். அந்த வருடம் எட்டு வயதான என்னைத் தெரிவு செய்தார்கள். ஒரு பெரியவர் அப்பாவிடம் ஏதோ கேட்டார். அரைகுறை இங்கிலிஷ் அப்பா, வழமைபோல "யெஸ், யெஸ்" என்றார்.

அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பிள்ளையின்ர மண்டையை உடைக்கப் போறாங்கள், நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்."

"கத்தாதையும். கடிதம் அவையின்ர கையிலதான் கிடக்கு."

"கடிதத்துக்கு என்ர பிள்ளையின்ர தலையே வேணும்?"

அவளும் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்த பெரியவர், என் ஒரு காலை அவள் கையில் கொடுத்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு காலை இறுக்கிப் பிடித்தாள்.

கல் தலையில் பட்டது. நோகவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நான் அம்மாவோடு ஒரு கிழமை பேசவில்லை.

கடிதம் போனது. வழக்குத் தோற்றது. அடுத்த வருடம் கனடாவில், பார்க்டேலில் ஒரே அறைக்குள் மூன்று பேரும் படுத்தோம்.

கல்லில் முட்டியது, நான் எல்லை தாண்டி அடுத்த ஊர்த் தோட்டத்தில் ஆப்பிள் பொறுக்கியதற்குத் தண்டனை என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். போன மாதம் வேலை இடைவேளையில் போனில் தேடிப் படித்தேன். வரைபடம் இல்லாத காலத்தில், எல்லை எங்கே என்று பின்னாளில் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். முட்டுப்பட்ட பிள்ளை மறக்காது. அதனால் ஊரைவிட்டுப் போகாது என்று நம்புகிற பிள்ளையைத்தான் தூக்குவார்களாம்.

நான் அங்கேயே கிழவியாவேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.