பெயர் ஒட்டாத டப்பாக்கள்

கடைத்தெருவில் அவரை மூக்கக்கா என்றால்தான் தெரியும். என் கணவரின் அண்ணன் மனைவி. செரிமானத்துக்கான மூலிகை டீ கலந்து விற்பது அவர் தொழில், பொட்டலம் கட்டுவது என் வேலை. நெஞ்சு கரிப்பவர்களுக்கு ஒரு கலவை, வயிறு உப்புகிறவர்களுக்கு ஒன்று, வெளிக்குப் போகாமல் தவிப்பவர்களுக்கு ஒன்று. சோம்பு, சுக்கு, புதினா, சாமந்திப்பூ எல்லாம் ஒரே மாதிரித் தகர டப்பாக்களில் இருக்கும். ஒன்றிலும் பெயர் கிடையாது. நான் ஒருமுறை ஆசையாகச் சீட்டு எழுதி ஒட்டினேன். "மூக்கு எதுக்குடி இருக்கு, கண்ணாடி மாட்டவா?" என்று அத்தனையையும் கிழித்துப் போட்டார்.

பெருமை பேசுவது போலத் தோன்றும். ஆனால் மூடியைத் திறந்த மாத்திரத்தில் சரக்கு பழசா புதுசா என்று சொல்லிவிடுவார், தப்பவே தப்பாது.

மழைக்காலத்தில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. பிறகு சரியாகிவிட்டது. ஒருநாள் அடுப்பில் பால் கருகி நாற்றம் வாசல்வரை வந்தது. பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஏதோ யோசனை" என்றார். நானும் நம்பினேன். என்னைப் போல மரமண்டை உண்டா?

அடுத்த தெருவில் இருக்கும் பஸ் டிரைவர், வயிறு உப்பலுக்கு எங்களிடம்தான் வாடிக்கையாக வாங்குவார். ஒருநாள் அவர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் கக்கூசைத் தேடி ஓடினாராம். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சாப்பிடும்போது நான் இதை நடித்தே காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கடைக்குப் போனார். பின்னாலேயே போனேன். டிரைவருக்குப் புதினா என்று எடுத்துக் கலந்த டப்பாவிலிருந்து காய்ந்த இலையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"புதினான்னா நாக்கு குளிரணும். குளிரலைடி. இது நிலாவரை."

நிலாவரை பேதிக்கான இலை. மலச்சிக்கல்காரர்களுக்குச் சிட்டிகை அளவுதான் போடுவோம். அவர் டிரைவருக்குப் பிடி பிடியாகப் போட்டிருக்கிறார்.

"ஏன்க்கா, வாசனையிலேயே தெரியுமே?"

"ஜலதோஷத்தோட மூக்கும் போயிடுச்சு." முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். "வெளியே தெரிஞ்சா என்னை யாருடி மதிப்பா? மூச்சு விடாதே."

விடமாட்டேன் என்றேன். கூசிக் குறுகி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே உடம்பு கூசியது.

மறுநாள் காலை, கடையில் ஆட்கள் நின்ற நேரத்தில் டிரைவர் வந்தார். ஓரமாக ஒதுங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"கண்டதையும் தின்னிருக்கேன் போலக்கா. மானமே போச்சு. பஸ்ஸைத் தராம டிப்போவுல உட்கார வெச்சுட்டாங்க. நல்லவேளை, உங்க டீ இருந்துச்சு. மூணு வேளையும் அதைத்தான் குடிக்கிறேன், இன்னும் நிக்கல. கொஞ்சம் கூடுதலாவே கட்டிக் கொடுங்க."

அக்கா உண்மையைச் சொல்லிவிடப் போகிறாரே என்று அவர் காலை மிதித்தேன். அவர் காலை உருவிக்கொண்டார்.

"குடிக்காதே தம்பி. அந்த டீயாலதான் உனக்குப் போகுது. இலையை மாத்திப் போட்டுட்டேன். எனக்கு வாசனையே தெரியல, ரொம்ப நாளா தெரியல."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவருக்கு முகம் சிவந்தது. "ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுதேக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அக்கா அலமாரித் தட்டிலிருந்து இரண்டு டப்பாக்களை இறக்கி, மூடிகளைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

"இதுல எது புதினான்னு மோந்து சொல்லுப்பா."

டிரைவர் குனிந்து மோந்து, ஒன்றைத் தொட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பேரை எழுதி ஒட்டுடி."