அடிக்காத மணி

பிரெஞ்சுக்காரன் காலத்தின் கடைசி வருஷங்கள். விழாப் பந்தயத்துக்காக ஒரு வாரம் விடியுமுன் திருமலைராயன்பட்டினம் வரை சைக்கிள் ஓட்டிப் பழகினோம். விளக்கு கிடையாது. முன்னால் போகிறவன் பள்ளத்தைக் கண்டால் மணி அடிப்பான். பின்னால் வருகிறவர்கள் ஒதுங்குவார்கள்.

ஏழாம் நாள் முந்துகிறவனுக்குத்தான் பந்தயத்தில் இடம். நான்தான் முன்னால். காசிம், அவன் மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பச்சை சைக்கிளில், என்னை ஒட்டியே வந்தான். பாலத்தடியில் பள்ளம் தெரிந்தது. ஒதுங்கினேன், மணி அடிக்கவில்லை.

காசிம் விழுந்து கை ஒடிந்தது.

“மணி அடிச்சியாடா?” என்று கூட்டாளிகள் என் சட்டையைப் பிடித்தார்கள்.

“விடுங்கப்பா, அவன் அடிச்சான். எனக்குத்தான் காது அடைச்சுப் போச்சு,” என்றான் காசிம், வலியில் முனகிக்கொண்டே.

பந்தயத்துக்கு நான் போகவில்லை. அவனிடம் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அன்றைக்கு அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால், இதை எப்போதோ மறந்திருப்பேன்.