வடக்குக் கட்டடத்தில் முதல் வகுப்பு

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பழைய கதை எழுத உட்கார்ந்தால், கலெக்டராகிவிட்ட ஒரு மாணவன் கட்டாயம் வந்து காலில் விழுவான். என்னிடம் படித்தவர்களில் கலெக்டர் யாரும் இல்லை. ஒருத்தி பேருந்தில் கண்டக்டர். ஒருவன் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறான், நன்றாகவே போடுகிறான். பிரம்பை நான் தொட்டதே இல்லை. என் வாயே போதும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள், அது எனக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்ததில் எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு பயம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் வேலைக்குச் சேர்ந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில். ஓடு வேய்ந்த ஒரே நீள அறை, அதற்குள் எல்லா வகுப்பும். கூரையிலிருந்து அடிக்கடி ஒரு சத்தம் வரும். பல்லி என்று பிள்ளைகள் சொன்னார்கள், நாங்களும் பல்லி என்றே நினைத்தோம். அந்த வருஷ மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடும் உத்தரமும் மொத்தமாகக் கீழே வந்துவிட்டன. திங்கட்கிழமை காலை நான் போனபோது அறைக்குள் நின்றால் வானம் தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உத்தரம் குறுக்கே கிடந்தது.

ஊரே கூடி வந்து கற்பூரம் ஏற்றியது. "சாமிதான் டீச்சர் காப்பாத்துச்சு. ஞாயித்துக்கெழமையா பாத்து வுழுந்துது" என்றார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் எனக்குள் வந்தது நன்றி இல்லை, கோபம். வாரத்தில் மற்ற நாள்களுக்கெல்லாம் யார் பொறுப்பு என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும், வகுப்பில் நுழைந்ததும் நான் முதலில் மேலே பார்ப்பேன். பிள்ளைகளைப் பார்ப்பது இரண்டாவதுதான். "டீச்சர் சாமி கும்புடறாங்கடா" என்று பின்பெஞ்சில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

கடைசியாகத் தலைமையாசிரியையாக வந்தது திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளிக்கு. அங்கே இரண்டு கட்டடங்கள். பழையது, வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம், அசையாமல் நின்றது. புதியது வடக்குப் பக்கம், காங்கிரீட் தளம் போட்ட இரண்டு அறைகள். அதைக் கட்டியவர் சிமென்ட்டை மணலுக்குத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சேர்ந்த வாரமே கவனித்தேன். காலையில் அந்த அறைகளைத் திறந்தால் பெஞ்சுகளின்மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். ஆயா துடைத்துவிட்டுப் போவார். மத்தியானம் சாப்பாடு முடிந்து வந்தால் மறுபடியும் தூள். பிறகு தளத்தில் துருக்கறை தெரிந்தது. அந்தக் கறையின் மேலேயே விரிசல் ஓடியது. ஒருநாள் பிள்ளைகள் சத்துணவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம், ஒரு தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து முன்பெஞ்சில் விழுந்தது. உள்ளே கம்பி பாளம் பாளமாகத் துரு உரிந்து நின்றது. அன்று சாயங்காலமே பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு, அந்தக் கட்டடத்தைப் பூட்டினேன். என்னோடு பெஞ்சு தூக்கியவர் என் உதவி ஆசிரியர். பொய் பேசத் தெரியாத மனிதர், பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருப்பவர். ஒவ்வொரு பெஞ்சைத் தூக்கும்போதும் பூச்சு விழுந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

எஞ்சினியர் ஒருவர் வந்தார். நீளக் கழியால் தளத்தைத் தட்டினார். "ஒண்ணும் ஆவாது மேடம், பூச்சுதான் வுழுது. ஆனா உள்ள பசங்கள உக்கார வெக்காதீங்க" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அப்படியானால் இடித்துவிடுங்கள் என்றேன். இடிப்பதற்கு மேலேயிருந்து உத்தரவு வர வேண்டுமாம். நானும் கேட்காத ஆபீஸ் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். உத்தரவு மட்டும் வரவில்லை.

அதனால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அடைத்தோம், ஒரு வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது. பெற்றோர்கள் என்னைத்தான் பிடித்தார்கள். "இன்னா டீச்சர், நல்ல பில்டிங்க பூட்டி வெச்சிக்கினு புள்ளைங்கள மரத்தடில உக்கார வெக்கறீங்க?" என்று ஒரு அப்பா கேட்டார். பூட்டைத் திறந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவர் பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டது. அந்த வேன்கள் எங்கள் வாசலிலேயே வந்து நின்று ஹாரன் அடிக்கும். வருஷத்துக்கு வருஷம் என் பள்ளியில் பிள்ளைகள் கம்மியானார்கள்.

கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் உள்ள பள்ளிகளையெல்லாம் வெளியூர்ப் போலீஸ் தங்குவதற்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளிக்கும் லாரியில் வந்து இறங்குவார்கள். ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் ஒருவர் வடக்குக் கட்டடத்துச் சாவியைக் கேட்டார். ஆள் ஜாஸ்தி, இடம் போதாது என்றார். தர மாட்டேன் என்றேன். "நாங்க போலீஸ்மா" என்று சிரித்தார். "அது கூரைக்குத் தெரியாதுங்க" என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டுத் தன் ஆள்களை அந்தக் கட்டடத்துக்கு எதிரே மைதானத்தில் ஷாமியானா போட்டுப் படுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் ஒரு வயதான ஏட்டு பல் துலக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மேடம், அந்த பூட்டின ரூமுக்கு மேல யாராவது தங்கியிருக்காங்களா?"

"இல்லையே, ஏன்?"

"ராத்திரி முழுக்க மேல யாரோ நடக்கற மாதிரியே சத்தம் கேட்டுதுங்க. டார்ச் அடிச்சி பாத்தேன், ஒர்த்தரும் இல்ல."

அவர் என்னவோ மலையில் சித்தர்கள் நடமாடுவார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்தக் கிராமத்துப் பல்லிதான் ஞாபகம் வந்தது.

ஓய்வு பெற்ற அன்று வழக்கம்போல் சால்வை, மாலை, அழுகை எல்லாம் நடந்தது. நான் அழவில்லை. சாவிக்கொத்தை என் உதவி ஆசிரியரிடம் கொடுத்தேன், அவர்தான் அடுத்த தலைமையாசிரியர். வடக்குக் கட்டடத்துச் சாவியில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். "இதை நான் சொல்ல வேண்டியதில்லை சார்" என்றேன். "பாத்துக்கறேங்க டீச்சர்" என்றார். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஜூன் மாதம், பள்ளி திறந்து சில நாள் ஆகியிருக்கும், காலை நடைக்குப் போய்த் திரும்பும்போது பள்ளிக்கூடப் பக்கமிருந்து பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் சத்தம் கேட்டது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. இரண்டடி நடந்த பிறகுதான் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உறைத்தது. செருப்பை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

வடக்குக் கட்டடம் மஞ்சளாக மின்னியது. சுவரில் சிரிக்கிற யானை, தொப்பி போட்ட முயல். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பு, புதிதாக ஆரம்பித்த ஆங்கில வழிப் பிரிவு. மேலே பார்த்தேன். விரிசலும் இல்லை, துருவும் இல்லை. வழவழவென்று பூசி வெள்ளை அடித்திருந்தார்கள். இதற்கு முன்னால் அந்தத் தளம் என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. விரிசல் வெளியே தெரிந்த காலத்தில் பார்க்கிறவர்களாவது தள்ளி நின்றார்கள்.

"சார், என்ன இது?" என்று, என்னைக் கண்டு வெளியே வந்த என் பழைய உதவி ஆசிரியரிடம் கேட்டேன்.

"கம்பிக்கெல்லாம் கெமிக்கல் அடிச்சி பூசிட்டாங்க டீச்சர். நல்லா இருக்குதுன்னு எஞ்சினியரே சொல்லிட்டார். வீடு வீடா போயி இந்த புள்ளைங்கள சேத்திருக்கேன். ரூம் இல்லன்னா இந்த செக்‌ஷன் போயிடும். செக்‌ஷன் போனா டீச்சர் போஸ்ட் போயிடும். அப்புறம் ஸ்கூலே போயிடும். நீங்க பூட்டி வெச்சப்ப இன்னா ஆச்சினு பாத்தீங்க இல்ல?"

கடைசி வாக்கியம் நெஞ்சில் தைத்தது. அதில் நியாயமும் இருந்தது. "இத்தினி வருஷமா ஒண்ணும் ஆவலையே டீச்சர்" என்றார் மெதுவாக. பூட்டியிருந்ததால் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரர், "நீ ரிடையர் ஆயிட்டன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். எனக்கும் சந்தேகம் வந்தது. நாற்காலியை விட மனமில்லாத கிழவியாகிவிட்டேனோ என்னவோ. நான் இல்லாமலும் பள்ளி நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லையோ. சில மாதங்கள் அந்தப் பக்கமே போகாமல் வேறு தெரு வழியாக நடந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து தண்ணீர் தெருவில் செம்மண்ணாக ஓடியது. விடிகாலையில் விழித்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பேன். ஒருநாள் முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டேன்.

முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. வடக்குக் கட்டடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டிப் பெண், விரலால் பெஞ்சின்மேல் எழுதிக்கொண்டிருந்தாள். 'அ' எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். எதில் எழுதுகிறாள் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பெஞ்சு முழுக்க வெள்ளைத் தூள்.

"இது ஏதும்மா?"

"கோலமாவு பாட்டி. தெனமும் மேலருந்து கொட்டும். ஆயா தொடைச்சாலும் திரும்ப கொட்டும்" என்றாள் பெருமையாக. அந்தப் பெஞ்சு அவளுக்குக் கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள் என்று வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். தற்காலிகமாக வேலைக்கு வந்த சின்னப் பெண். "ஐயோ, சார் சொல்லாம நான் எப்படிங்க மேடம்" என்று கையைப் பிசைந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நான் இப்போது யார்? அவளுடைய நாற்காலியை இழுத்து அறையின் நடுவில் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். "இந்தப் புள்ளைங்க இங்க இருக்கிற வரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன்னு உங்க சார்கிட்ட சொல்லு. தெனமும் வருவேன்" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, புது டீச்சர் வந்துவிட்டார் என்று.

தலைமையாசிரியர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார். "டீச்சர், எல்லாரும் பாக்கறாங்க, வாங்க. மழைக்கு கொஞ்சம் தூள் வுழும், அவ்ளோதான். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"அதை உள்ள வந்து சொல்லுங்க சார்" என்றேன்.

ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். வைப்பதற்கு முன்னால் அண்ணாந்து மேலே பார்த்தார். பார்த்துவிட்டார் என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. தூக்கிய கால் அப்படியே நின்றது.

"பசங்களா, பைய எடுத்துக்கினு எல்லாரும் பழைய பில்டிங் வராண்டாவுக்கு ஓடுங்க. ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினார். இரட்டைப் பின்னல்காரி தன் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு நான் எழுந்தேன். மேலே யாரோ மெல்ல நடந்தார்கள். நின்றார்கள். மறுபடி நடந்தார்கள். அந்த மழையில் தளத்தின்மேல் யாரும் இல்லை.

இப்போது அந்தக் கட்டடம் பூட்டியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு வராண்டாவில் நடக்கிறது, சாரல் அடித்தால் ஓரமாக ஒதுங்கி உட்காருகிறார்கள். வாசலில் வேன்கள் மறுபடி ஹாரன் அடிக்கின்றன. இடிக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. வரும் கோடையில் அவருக்கு மாற்றல் இருக்கும் என்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு மஞ்சள் சுவரும் சிரிக்கிற யானையும்தான் தெரியும். அவரும் நல்ல மனிதராகவே இருப்பார், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார், அவருக்கும் அறை போதாது.

பௌர்ணமிக்கு ஊர் கொள்ளாத கூட்டம் மலையைச் சுற்றுகிறது. வேலை, கல்யாணம், வீடு என்று ஆளுக்கொன்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். நானும் சுற்றுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நேராக வந்ததும் நின்று, பூட்டு தொங்குகிறதா என்று பார்க்கிறேன். பிறகு மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அன்றைக்குக் கிராமத்தில் கற்பூரம் ஏற்றியவர்களை மனதுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இன்றைக்கு நான் கேட்பதும் அதேதான். அது விழட்டும் அண்ணாமலையாரே, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து விழட்டும்.