லாக்கர் அண்ணன்

அவரோடு சுற்றுலா போனவர்களிடம் அவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. லாக்கர் அண்ணன் என்றால் உடனே முகம் மலரும். "அவரா! அவர் மட்டும் இல்லேன்னா அந்தக் குளிர்ல நாங்க பாதிப் பேர் திரும்பியே வந்திருக்க மாட்டோம்" என்பார்கள்.

தொழில் சமையல். ஒரு பள்ளி விடுதியில் வருடக்கணக்காகக் கரண்டி பிடித்துவிட்டு, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிப்போகிற சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். முப்பது பேர் கிளம்பினால் கூடவே இவரும் கிளம்புவார். சமையலறையோடு கூடிய விடுதியாகப் பார்த்து எடுத்திருப்பார்கள். விடிவதற்குள் எழுந்து காலைச் சாப்பாட்டை முடித்து, மதியத்துக்குப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு, இரவுக்கு உலை வைப்பார். ஊரைச் சுற்றிப் பார்க்க அவருக்கு நேரம் வாய்த்ததில்லை.

எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் இடுப்புக்கு வந்தது, வேறொருவர் தன்னுடையதைத் தொலைத்ததால்தான். அவர் சேர்ந்த புதிதில், கூட்டமான ரயிலில் ஒரு பெரியவரின் தோள்பையை யாரோ பிளேடால் அறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட், விசா, திரும்புகிற டிக்கெட் எல்லாம் போயிற்று. தூதரகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்து அவரை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முதலாளிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதிலிருந்து, விமான நிலையத்தைத் தாண்டியதும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஓரிடத்தில் வைத்துவிடுவது என்று முடிவானது. வழிகாட்டிப் போகிற மேனேஜர் நாள் முழுக்கக் கூட்டத்தில் நிற்பவர். விடுதி அறையை நம்ப முடியாது.

"நீ எங்கயும் போகப்போறதில்ல. உன்கிட்ட இருந்தாதான் பத்திரம்" என்றார் முதலாளி.

சமையற்காரரின் மனைவி கெட்டியான கித்தான் துணியில் ஒரு இடுப்புப் பை தைத்துக் கொடுத்தாள். வயிற்றுப் பக்கம் இரண்டு அறை, முதுகுப் பக்கம் இரண்டு அறை. ஆவியும் தண்ணீரும் படாமல் உள்ளே பிளாஸ்டிக் உறை. பக்கிள் என்றால் எப்போதாவது கழன்றுவிடும் என்று நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரி செய்திருந்தாள். சட்டைக்குள் அதைக் கட்டிக்கொண்டே அவர் அடுப்படியில் நிற்பார், கட்டிக்கொண்டே படுப்பார். குளிக்கும்போது கதவின் உட்பக்கம் மாட்டி, சோப்பு நுரை கண்ணில் எரிந்தாலும் கண்ணை மூடாமல் குளிப்பார்.

தள்ளிக்கொண்டிருக்கும் வயிற்றைப் பார்த்து ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேலி செய்வார்கள்.

"அண்ணனுக்கு இது எத்தனாவது மாசம்?"

"நாள் நெருங்கிடுச்சு. ஏர்போர்ட்லதான் பிரசவம். முப்பதும் சுகமா பொறக்கணும்னு வேண்டிக்கங்க" என்பார் அவர், கரண்டியை விடாமல்.

மாலையில் வேலை ஓய்ந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்துப் பார்த்து எல்லோருடைய பிறந்த நாளும் அவருக்கு மனப்பாடமாகிவிடும். யாரும் சொல்லாமலே ஒருவருடைய தட்டில் மட்டும் அன்றைக்கு ஒரு இனிப்பு இருக்கும். வாங்கியவர் திகைத்துப்போய் நிமிர்ந்து பார்க்கும்போது அவர் அடுத்த ஆளுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொள்வார்கள். "பனி எப்படி இருந்துச்சு?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன். வெள்ளையா இருந்துச்சு."

இப்படியே போயிருந்தால் அவர் கதையைச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. ஒரு பயணத்தில், பார்க்க அடக்கமாக இருந்த ஓர் இளைஞன் அடுப்படிக்கு வந்தான். சிம் கார்டு வாங்கக் கடையில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள், பத்தே நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றான். இவரும் எடுத்துக் கொடுத்தார். அவனுடையதை அவன் கேட்கிறான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். அவன் திரும்பவே இல்லை. அங்கேயே தங்கி வேலை தேடிக்கொள்ளத்தான் சுற்றுலா என்ற பெயரில் வந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. போலீஸ்காரர்கள் சமையற்காரரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டபோது அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நிறுவனத்தின் உரிமம் பறிபோகாமல் தப்பியதே பெரிய காரியம்.

ஊர் திரும்பியதும் முதலாளி கூப்பிட்டார். "இனிமே மேனேஜர் வாயால சொன்னாத்தான். இல்ல நான் சொல்லணும். வேற யார் வந்து நின்னாலும், அழுதாலும், கால்ல விழுந்தாலும் கொடுக்கக் கூடாது. இன்னொரு தடவை ஆச்சுன்னா நானும் தெருவுல நிப்பேன், நீயும் தெருவுல நிப்ப. புரியுதா?"

"புரியுதுங்க."

அதன்பின் மூன்று பயணங்கள் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. நான்காவதில்தான் டெலிபோன் அம்மா வந்தார்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக வந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கையோடும் அவள் மகளோடும் ஒரே வீட்டில் இருப்பதாகச் சொன்னார். "நான் எங்க வந்தேன், என் தங்கச்சிதான் பிடிச்சுத் தள்ளி அனுப்பிச்சா. வாழ்க்கை பூராவும் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வெளிநாட்டு லைன் போட்டுக் கொடுத்தியே, நீ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாயேன்னா."

கடைசிக்கு முந்தைய நாள், மேனேஜர் எல்லோரையும் படகில் ஒரு தீவுக்குக் கூட்டிப்போயிருந்தார். முழங்கால் வலி என்று அந்த அம்மா மட்டும் விடுதியில் தங்கிவிட்டார். சும்மா இருக்க முடியாமல் அடுப்படிக்கு வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார்.

"தம்பி, இவ்வளவு பொடியாவா நறுக்குவீங்க? இதை நூல்ல கோக்கலாம் போல இருக்கே."

"பல்லு இல்லாதவங்க நாலு பேர் இருக்காங்கம்மா. அவங்க கணக்குக்குத்தான் நறுக்கறது."

அந்த அம்மா சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தங்கை மகள். பேசப் பேச அவர் முகம் வெளுத்தது. கத்தி கையிலேயே இருந்தது. தங்கை குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இருக்கிறாள். நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. நினைவு வந்தால் அக்கா எங்கே என்று மட்டும் கேட்கிறாள். அன்று மாலை விமானத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டதாகவும், "உடனே கிளம்பிடுங்க பெரியம்மா" என்றும் அந்தப் பெண் அழுதாள்.

அந்த அம்மா அறைக்குப் போய்க் கைக்கு வந்ததைப் பெட்டியில் திணித்துக்கொண்டு, விடுதிக்காரர்களிடம் சொல்லி டாக்சிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். "தம்பி, என் பாஸ்போர்ட்டக் கொடுங்க."

சமையற்காரர் அடுப்பை அணைத்தார். "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேம்மா."

மேனேஜருக்குப் போன் போகவில்லை. படகு எங்கோ நடுக்கடலில் இருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் போகவில்லை. ஊரில் முதலாளியின் எண்ணை அடித்தார். அவர் மனைவி எடுத்து, அவர் பல் மருத்துவரிடம் போயிருக்கிறார், போனை வீட்டிலேயே விட்டுவிட்டார், வந்ததும் சொல்கிறேன் என்றாள்.

"அக்கா, அவசரம்க்கா. ஒருத்தங்க பாஸ்போர்ட்டக் கேக்கறாங்க, கொடுக்கலாமான்னு மட்டும்..."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா. நான் ஏதாவது சொல்லப்போய் அவர் என்னைத் திட்டவா?"

டெலிபோன் அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, அது என்னுடையது. என் போட்டோ இருக்கு, என் கையெழுத்து இருக்கு. எதுக்கு இன்னொருத்தரைக் கேக்கணும்?"

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? பாஸ்போர்ட்டோட வெச்சிருக்கற டூர் சீட்டுல அவசரத்துக்குன்னு உங்க தங்கச்சி பேரைத்தான் எழுதியிருக்கீங்க."

"அதையும் பாத்துட்டு இப்படி நிக்கறீங்களா?"

அவர் மறுபடி மேனேஜரின் எண்ணை அடித்தார். அந்த அம்மா விடுதி வரவேற்பில் போய்ச் சொல்லிப் பார்த்தார். அங்கிருந்த பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. அது உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையில் உள்ள விஷயம் என்று கையை விரித்துவிட்டாள். திரும்பி வந்து அதட்டினார், கெஞ்சினார். தன் வாழ்நாளில் யாரிடமும் கைகூப்பாதவர் போலத் தயங்கித் தயங்கிக் கைகளை ஒன்று சேர்த்து நின்றார். சமையற்காரரின் கை தானாகச் சட்டைக்குள் போய் நாடாவின் முடிச்சைத் தொட்டது. தெருவில் நிற்பது கண்முன் வந்தது. அந்த நாற்காலியும் மொழிபெயர்ப்பாளரின் குரலும் வந்தன. அந்த இளைஞனும் இப்படித்தான் நல்லவனாகத் தெரிந்தான். கை வெளியே வந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் பொறுங்கம்மா. லைன் கிடைச்சுடும்."

"நான் முப்பது வருஷம் லைன் போட்டவ. கிடைக்காத லைன் எதுன்னு எனக்குத் தெரியும்."

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. சற்று நேரம் நின்று மறுபடி அடித்தது. பிறகு கிளம்பிப் போய்விட்டது. அந்த அம்மா நறுக்கிப் போட்ட பீன்ஸுக்கு எதிரே உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொழுது சாயும் வேளையில் படகு திரும்பியது. விஷயத்தைக் கேட்ட மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, அவங்க யாரு, அவங்க வயசென்ன! எங்கேயாவது ஓடிப்போய் ஒளிஞ்சுக்கவா போறாங்க? கொடுக்க வேண்டியதுதானே! உனக்குன்னு அறிவு கிடையாதா?"

சமையற்காரர் முடிச்சை அவிழ்த்தார். பதற்றத்தில் நாடா இறுகிவிட்டிருந்தது, விரல் வழுக்கியது. தேடி எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். டெலிபோன் அம்மா வாங்கிக்கொண்டார்.

"சூடா இருக்கு" என்றார். 

மறுநாள் காலை விமானத்தில் அவரை ஏற்றிவிட்டார்கள். அவர் ஆகாயத்தில் இருக்கும்போதே தங்கை இறந்துவிட்டாள். முந்தைய நாள் விமானத்தில் போயிருந்தால் ராத்திரியே போய்ச் சேர்ந்து விடியும்வரை பக்கத்தில் இருந்திருக்கலாம். அன்று ராத்திரி அவளுக்கு நல்ல நினைவு இருந்ததாம், மகளிடம் பேசினாளாம். இதையெல்லாம் மேனேஜர்தான் பிறகு விசாரித்துச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட வந்தவர்களில் பலர், "உங்க மேல தப்பில்ல அண்ணே, உங்களுக்குச் சொன்னதைத்தானே செஞ்சீங்க" என்றார்கள். இரண்டு மூன்று பேர் அவர் பரிமாறும்போது மட்டும் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள். பிரசவக் கேலியை யாரும் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் ஒவ்வொருவரும் தன்னுடையதை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் அவர் முதலாளியைப் பார்க்கப் போனார். "இனிமே சமையல் மட்டும் பாத்துக்கறேங்க. பையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. "சமையலுக்கு நான் உன்னை இங்கேருந்து டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போகணுமா? அங்கயே ஆள் கிடைக்குமே. அந்தப் பையைச் சுமக்கத்தான்யா உன்னை வெச்சிருந்தேன்."

தன் கைப்பக்குவத்துக்காகத்தான் தன்னைக் கூட்டிப்போகிறார்கள் என்று அவர் இத்தனை காலமும் நம்பியிருந்தார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன் என்று சொன்னார். கொஞ்ச நாள் கழித்து ஒரு நூற்பாலை கேன்டீனில் வேலை கிடைத்தது.

உண்மை எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு தடவை அந்த அம்மாகிட்டப் பேசிடுங்களேன். உள்ளயே வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குச் சோறு இறங்காம உக்காந்திருப்பீங்க?" என்று நச்சரித்தாள். மேனேஜரிடம் எண்ணை வாங்கி, ஒரு விடுமுறை நாள் மதியம் கூப்பிட்டார். எடுத்தது தங்கை மகள். யார் என்று சொன்னதும் போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது.

"தம்பியா?"

"ஆமாம்மா. நான்... உங்களை..." 

"நான் உங்களைக் குத்தம் சொல்லல தம்பி. உங்களுக்கு மேல இருக்கறவங்க சொன்னதை நீங்க செஞ்சீங்க. நானும் வேலை பாத்தவதான், எனக்கு அது புரியுது. ஆனா மன்னிச்சுட்டேன்னு மட்டும் என் வாயால சொல்லச் சொல்லாதீங்க. சொல்லிப் பாத்தேன். வர மாட்டேங்குது."

"சரிம்மா."

"உங்க சாப்பாடு நல்லா இருந்துச்சு. அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்." பிறகு, "வெச்சுடட்டுமா?"

"வெச்சுடுங்கம்மா."

மனைவி கதவுக்குப் பக்கத்தில் ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். துணியைக் காயப்போடப் போய்விட்டாள்.

மாலையில் கேன்டீனிலிருந்து போன் வந்தது. உதவிக்கு இருப்பவனுக்குக் காய்ச்சல், விடிகாலை வேலைக்கு ஆள் இல்லை, வர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார்.