மஞ்சள் கறை

கறை எதனுடையது என்று தெரியாவிட்டால் மியாவ் அண்ணி அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். துப்பிவிட்டு, "கஷாயம். வீட்ல யாருக்கோ சீக்கு" என்பார். பிறகு துணி சாம்பல் தண்ணீருக்குள் போகும்.

ஐம்பதைத் தாண்டிய விதவை, கூலிக்குத் துணி துவைப்பவர். கட்டையால் துணி அடிக்கும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். படித்துறைக்கு மேலே என் எண்ணெய்க் கடை. எல்லாம் என் காதில் விழும்.

பட்டுக் கடைக்குப் பின்னால் மூன்று நண்பர்களோடு குடியிருந்தான் பெய் யான், பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்கள் மூட்டையை வீசிவிட்டுப் போவார்கள். அவன் மட்டும், "அழுக்கு ஜாஸ்தி அண்ணி, கோவிச்சுக்காதீங்க" என்று கையில் கொடுப்பான். போன கோடையில் அவனுடைய சட்டைக் கைகளில் மஞ்சள் கறை. நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. அண்ணிக்கு ரோஷம். ஊரை ஆளும் அதிகாரியின் மாளிகைச் சமையற்காரனின் மனைவியிடம் கேட்டார்: "மஞ்சளா இருக்கு, கசக்குது. உங்க வீட்ல இதுக்கு என்ன போடுவீங்க?"

அவள் கணவனிடம் சொன்னாள். அவன் மேலே சொன்னான். வெடிமருந்து கிண்டுபவர்களின் கைகள் மஞ்சளாக இருக்கும், பாருங்கள் என்று மாகாணத் தலைநகரிலிருந்து மாளிகைக்கு ஏற்கெனவே கடிதம் வந்திருந்ததாம். மூன்றாம் நாள் காலையில் சிப்பாய்கள் அந்த வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். தரைப் பலகைக்கு அடியில் குண்டுகள், துண்டறிக்கைகள். நால்வரும் பேரரசுக்கு எதிரான கலகக்காரர்கள்; நிலாப் பண்டிகையன்று மாளிகையைப் பிடிப்பதாக இருந்தார்கள். நான்கு தலைகளும் கிழக்கு வாசலில் ஏழு நாள் தொங்கின.

மாளிகையிலிருந்து குமாஸ்தா வந்து அண்ணியின் நிலைப்படியில் பாராட்டாகச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். அவிழ்த்தால் குற்றம். "நான் கறையைத்தான் கேட்டேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அண்ணி சொன்னார். யாரும் நின்று கேட்கவில்லை. துணி துவைக்கும் பெண்கள் மேல்படிக்கு மாறிக்கொண்டார்கள். "பார்த்துப் பேசுங்கடி, நாக்குக்காரி வர்றா" என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் அக்கரையிலிருந்து பெய் யானின் அம்மா படகில் வந்தாள். மகனுடைய துணி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, பெட்டிக்கு அடியில் அண்ணி ஒளித்து வைத்திருந்த ஒரே சட்டை. கொண்டுவந்து மடிப்புக் கலையாமல் நீட்டினார்.

"கைல மட்டுந்தான் போகலம்மா. மத்தபடி சுத்தமா இருக்கு."

அந்த அம்மா சட்டையின் கழுத்துப்பட்டியை முகத்தோடு சேர்த்து மூச்சை இழுத்தாள். திருப்பி, கக்கத்தையும் முகர்ந்தாள்.

"அவன் வாசனையே இல்லியே" என்றாள் கடைசியில்.

தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன இரண்டு கைகளையும் அண்ணி மெல்லத் தன் சட்டைக் கைகளுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.