முனையில் துளையுள்ள சாவி

என் மேசை இழுப்பறையில் ஒரு சாவி கிடக்கிறது. வீட்டுச் சாவியைப் போலத் தட்டையானதல்ல. சுண்டுவிரல் பருமனில் சதுரமான இரும்புத் தண்டு. திருகுவதற்குக் குறுக்கே ஒரு பித்தளைப் பிடி. ரயிலில் கார்டு கையில் வைத்திருக்கும் சாவியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரே ஒரு வித்தியாசம், இதன் முனையில், நடுவிலிருந்து சற்று விலகி, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளைக்கென்று செய்த பூட்டு ஒன்றே ஒன்றுதான். அது இப்போது செய்தபடி இல்லை. சாவியைச் செய்தவர் திண்டுக்கல்லில் பன்னிரண்டு பேரை வைத்துப் பூட்டுப் பட்டறை நடத்தும் மேஸ்திரி. அவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் என் பிழையையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. அதனாலேயே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் கத்தரியும் வெங்காயமும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தொழிற்பள்ளியில் இரண்டு வருஷம் இயந்திர வரைபடம் படித்து, திண்டுக்கல்லில் ஒரு சிறுதொழில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ரயில் பெட்டிகளையும் எஞ்சின்களையும் நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியிருந்தார்கள். பெட்டிக்கு வேண்டிய கீல், கொக்கி, ஜன்னல் தாழ்ப்பாள் போன்ற சில்லறைச் சாமான்களை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே வாங்கலாம் என்று முடிவாகியிருந்தது. எந்தச் சாமானை எந்த ஊரில் யார் செய்யக்கூடும் என்று தேடிக் கண்டுபிடித்து, பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் நடுவே நின்று பேசி முடிப்பது என் வேலை. இதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்னபோது அவர் வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டே கேட்டார்: "கல்யாணத் தரகு மாதிரின்னு சொல்லு. தரகன்னா ரெண்டு வீட்டு வாசலையும் மிதிச்சிருக்கணுமே. நீ அந்த வீட்டப் பாத்திருக்கியா?" நான் பார்த்ததில்லை. சென்னையிலிருந்த அந்தத் தொழிற்சாலையை எனக்குக் கடிதத் தலைப்பாகத்தான் தெரியும். "வரைபடம் இருக்குப்பா, அது போதும்" என்றேன்.

வந்த வரைபடங்களில் ஒன்று பெட்டிக் கதவின் பூட்டு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதற்கு ஆள் தேட வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று சைக்கிளில் எல்லாப் பட்டறைகளுக்கும் போய்ப் பட்டியல் தயாரித்தேன். முதல் பெயர் மேஸ்திரியுடையது. நாகல் நகரில் சந்தைக்குப் பின்னால் தகரம் போட்ட நீளமான கொட்டகை. சுவரில் மாதாவின் படம், அதன் கீழே வரிசையாக அரங்கள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கட்டையான உருவம், வலது புருவத்தில் பழைய தீக்காயம். வரைபடத்தை அவர் வாங்கிப் பார்க்கவேயில்லை. "எழுத்து வேணாம் தம்பி. வாயால சொல்லுங்க, நூல் கணக்குல" என்றார். எட்டு நூல் ஓர் அங்குலம். அங்குலங்களையெல்லாம் நான் நூலாக மாற்றிச் சொல்லச் சொல்ல, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துகொண்டார். முடிவில் நிமிர்ந்து, "இதுல லீவர் எங்க?" என்றார். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராமல் தடுக்கும் உள்தகடுதான் லீவர். லீவர் கிடையாது, சதுரக் குழியில் சதுரச் சாவியைவிட்டுத் திருகினால் நாக்கு உள்ளே போகும், அவ்வளவுதான் என்றேன். "இம்புட்டுதானா? இதுக்கு ஒரு வரைபடமா?" என்று பட்டறையே சிரித்தது.

ஆறு மாதிரிகளை அவரே தன் கையால் செய்தார். பார்சலில் அனுப்பினோம், மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. முதல் தவணையாக இருநூறு பூட்டுகள். அது தேறினால், பட்டியலிலிருந்த மற்றப் பட்டறைகளுக்கும் ஆர்டர் வரும். தேறாவிட்டால் வேறு ஊரைப் பார்ப்பார்கள் என்று கடிதம் தெளிவாகவே சொன்னது. அந்த இருநூறுக்காக மேஸ்திரி, பழனியில் புதிதாகக் கட்டிய ஒரு லாட்ஜின் அறைப் பூட்டு வேலையைத் திருப்பியனுப்பினார். வருஷா வருஷம் அவரிடமே வாங்கிக்கொண்டிருந்த லாட்ஜ்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். "போகட்டும். ரயில்ல நம்ம பூட்டு ஓடும்ல" என்றார் மேஸ்திரி.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துப் பூட்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் பரப்புவார்கள். ஒருவன் செய்த சாவியை மற்றவன் செய்த பூட்டில் போட்டுப் பார்ப்பார்கள். திறக்காமலிருந்தால் சரி. தப்பித் தவறித் திறந்துவிட்டால், அந்தப் பூட்டைப் பட்டறைக்கல்லில் வைத்து மேஸ்திரியே சம்மட்டியால் ஒரே போடாகப் போடுவார். செய்தவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். யாரும் திட்டமாட்டார்கள், "ஏலே, ஒன் வீட்டுக்கு வேற ஒருத்தன் சாவி வச்சிருக்கான்டோய்" என்று கேலி மட்டும் ஒரு வாரத்துக்கு ஓடும். இந்த வழக்கத்தை நான் இரண்டு மூன்று தடவை பார்த்து ரசித்திருக்கிறேன். பார்த்தவனுக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ரயில் பூட்டு வேலை தொடங்கிய முதல் சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். அன்று நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். சாக்கில் பரப்பிய பூட்டுகளில் எந்தச் சாவியைப் போட்டாலும் எல்லாம் திறந்தன. பட்டறையிலேயே மூத்தவரான ஒரு தொழிலாளி கையிலிருந்த சாவியைக் கீழே போட்டுவிட்டு, "மேஸ்திரி, இது பூட்டா, அடுப்படிக் கொண்டியா? இதுலயா நம்ம முத்திரைய அடிக்கிறது?" என்று கேட்டாராம். மேஸ்திரி வெகுநேரம் யோசித்திருக்கிறார். வரைபடம் போட்டவர்களுக்குப் பூட்டுத் தொழில் தெரியாது, பாவம், பூட்டுக்குப் பூட்டு சாவி மாறும்படி வரைய விட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருக்கிறார். ஒவ்வொரு பூட்டின் சதுரக் குழிக்குள்ளும் மெல்லிய எஃகு ஊசி ஒன்றை நிற்கவைத்து, அந்த ஊசி நுழையும் துளையை அந்தப் பூட்டின் சாவிமுனையில் மட்டும் போட்டார்கள். ஊசியின் இடம் பூட்டுக்குப் பூட்டு மாறியது. இருநூறு பூட்டு, இருநூறு சாவி. கூலி ஒன்றும் கூடுதலாகக் கேட்கவில்லை.

பெட்டியில் அடுக்கும்போது நான் கூட இருந்தேன். ஒவ்வொரு பூட்டிலும் நூலில் கோத்த சாவி தொங்கியது. தொழிற்சாலை சாவியே கேட்டிருக்கவில்லை. "எதுக்கு மேஸ்திரி சாவி?" என்றேன். "பூட்டக் குடுத்துட்டுச் சாவி குடுக்காம அனுப்புவாங்களா? தனித்தனிச் சாவி தம்பி, ஒண்ணு மாத்தி ஒண்ணு சேராது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து, எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், ஒவ்வொரு பூட்டுக்கும் வேறெந்தப் பூட்டையும் திறக்காத தனிச் சாவி இலவசமாக இணைக்கப்பட்டிருக்கிறது என்று கடிதம் எழுதி, கடைசி வார்த்தையின் கீழே கோடும் போட்டேன்.

பத்தாம் நாள், இருநூறும் நிராகரிக்கப்பட்டன என்று தந்தி வந்தது.

தந்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படித்துச் சொன்னேன். அவர் சோற்றை மூடிவைத்துவிட்டு, "என்ன கொறைன்னு போட்டிருக்கா?" என்றார். இல்லை. "வாங்க, போய்க் கேப்போம்." மறுநாள் இருவரும் எழும்பூர் போகும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். வழி நெடுக அவர் பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பழைய பெட்டி, பழைய சீமைப் பூட்டு. "நம்மது இத விட நூறு பங்கு ஒசத்தி" என்று இரண்டு முறை சொன்னார்.

தொழிற்சாலையில் சாமான்களைச் சோதிக்கும் அதிகாரி ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடிக்காரர். கடிதத்தை எழுதியது நான்தான் என்று தெரிந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை முதல்தரம். இந்த ஊசியை நிறுத்தின கையை நான் பார்க்கணும்" என்றார். மேஸ்திரி தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதிகாரி எங்களைப் பெட்டி கட்டும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். பாதி முடிந்த பெட்டி ஒன்றின் கழிவறைக்குள் மேஸ்திரியைப் போகச் சொன்னார். எங்கள் பூட்டுகளில் ஒன்று அந்தக் கதவில் பொருத்தப்பட்டிருந்தது. அதிகாரி கதவைச் சாத்தி, அதற்குரிய சாவியால் பூட்டி, அந்தச் சாவியை ஓரத்தில் குவித்திருந்த மற்றச் சாவிகளோடு கலந்துவிட்டார். பிறகு கார்டு வைத்திருக்கும் சாவியைத் தன் பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்து, "திறங்க" என்றார். ஊசியில் முட்டி நின்றது. அவர் கதவுக்கு வாயை வைத்து, "பெரியவரே, வண்டியில தீ பிடிச்சிருக்கு. உள்ள ஒரு குழந்தை மாட்டிக்கிட்டிருக்கு. கார்டு ஓடி வரார். உங்க இருநூறு சாவியில எது இந்தக் கதவுக்குன்னு தேடட்டுமா?" என்றார்.

 குவியலிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.  எத்தனையாவது சாவியில் திறந்தது என்று நினைவில்லை. மேஸ்திரி வெளியே வந்தார், சட்டை வேர்த்திருந்தது. என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம்தான் சொன்னார்: "இது அடைக்கிறதுக்கு இல்ல, தொறக்கிறதுக்குன்னு யாரும் சொல்லலைங்கய்யா."

யாரும் என்று அவர் சொன்னது என்னை. அந்தக் கதவு எதற்கு, அதை யார், எந்த அவசரத்தில் திறப்பார்கள் என்று நான் அவருக்குச் சொன்னதேயில்லை, எனக்கே தெரியாது. நூலும் அங்குலமும் மாற்றிச் சொன்னதோடு என் படிப்பு முடிந்துவிட்டது என்றிருந்தேன். தப்பு என்மேல்தான் என்று அதிகாரியிடம் சொன்னேன். "தெரியும், கோடு போட்ட கடிதத்தை நானும் பார்த்தேன்" என்றார். பதினைந்து நாள் தந்தார். மேஸ்திரி கேட்டது ஒன்றுதான்: கார்டு சாவி ஒன்றை எங்களிடம் தந்துவைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டு, இருநூறு பூட்டையும் சாவிகளையும் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தோம்.

ஊசியைப் பிடுங்க வேண்டுமென்றால் பூட்டைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் நாலு ரிவிட்டை வெட்டி, மறுபடி அடிக்க வேண்டும். இருநூறுக்கும். மூத்த தொழிலாளி முதல் நாளே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நா செஞ்ச பூட்ட நானே கெடுக்க மாட்டேன் மேஸ்திரி" என்று போய்விட்டார். நான் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரிவிட் வெட்ட உட்கார்ந்தேன். முதல் நாள் மூன்று வெட்டினேன், அதில் ஒன்றை மேஸ்திரி மறுபடி வெட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து எல்லோரும் நேரே பட்டறைக்கு வந்தார்கள். எனக்கும் மேஸ்திரிக்கும் நடுவே பேச்சு குறைவாகத்தான் இருந்தது. ஆறாவது நாள் காலை மூத்தவர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.  அவராகவே, "கொழந்த மாட்டிக்கிட்டா என்ன செய்யிறதுன்னு எம் மருமக கேட்டுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார்.

பதினான்காம் நாள் சாக்கில் பரப்பினார்கள். மேஸ்திரி கார்டு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். நூற்றுச் சொச்சம் தாண்டியபின் ஒன்று திறக்கவில்லை. ஊசியின் அடிக்கட்டை கொஞ்சம் மிச்சம் நின்றிருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கல்லுக்குப் போனார். "யார் செஞ்சது?" என்றார்.  அவரே சொன்னார், "நாந்தேன்." சம்மட்டி விழுந்தது. மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு ஒரு பையன் மெதுவாக, "மேஸ்திரி, ஒங்க வீட்டுக் கதவ எவனாலயும் தொறக்க முடியாதுபோல" என்றான். அந்தப் பதினான்கு நாளில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. உடைத்ததற்குப் பதில் புதிதாக ஒன்று செய்து, இருநூறையும் மறுநாள் நானே ரயிலின் கடைசியில் சரக்கேற்றும் பிரேக் வேனில் ஏற்றிக் கூடவே போனேன். அதிகாரி எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு பட்டியலிலிருந்த எல்லாப் பட்டறைகளுக்கும் வேலை வந்தது. பழனி லாட்ஜ்காரர் மட்டும் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் மேஸ்திரி ரயில் சாமானைப் பூட்டு என்று சொல்வதில்லை, தாழ்ப்பாள் என்றுதான் சொல்வார். அதற்குத் தனி முத்திரை வைத்திருக்கிறார். புதுப் பட்டறைக்குப் போனால் இப்போது நான் அளவை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. அந்தச் சாமான் பெட்டியில் எங்கே இருக்கிறது, எந்தக் கை அதைத் தொடும் என்று பேசிவிட்டுத்தான் வரைபடத்தை விரிக்கிறேன். எனக்கும் தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இழுப்பறையிலிருக்கும் சாவி, அன்று கழிவறைக் கதவைக் கடைசியில் திறந்த சாவி. பதற்றத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை ஊருக்கு வந்துதான் பார்த்தேன். மற்றவை உலைக்குப் போயின. போன மாதம் ஓர் ஆய்வுக்குப் போக அதையும் மாதிரிக்காகப் பையில் வைத்திருந்தேன். திண்டுக்கல் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. நான் ஏற வேண்டிய பெட்டியின் கதவு உள்ளே தாழிட்டுக் கிடந்தது. கூடைகளோடு நின்ற பூக்காரர்கள் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கார்டு அந்தக் கோடியில். அந்தக் குழியில் ஊசி இல்லை. நான் சாவியைப் போட்டுத் திருகினேன். திறந்தது. "ஏந்தம்பி, நீ ரயில்வேயா?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டுக்கொண்டே என்னை இடித்துத் தள்ளி ஏறினார்.

திரும்பி வந்ததும் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"யாரு தாப்பாளு? நம்மதா?"

"இல்ல மேஸ்திரி. வடக்க ஏதோ ஊரு. முத்திரை புரியல."

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

சாவியைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பார்த்தார். துளையின் ஓரத்தை நகத்தால் தடவினார்.

"தொள சுத்தமா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார்.